கறிவேப்பிலையை ஒதுக்கிய காகம்

பகல் மணி ஒன்றாகியும் காகம் சோற்றில் வாய் வைக்கவில்லை.

பால்கனிச் சுவரின் மேல் வாழை இலை விரித்து, சாதம், பருப்பு, வாழைக்காய்க் கறி, அவரைக்காய்ப் பொரியல், வடை, பாயசம் என்று அரசி பார்த்துப் பார்த்துப் பரிமாறியிருந்தாள். காகம் இலையை ஒரு சுற்றுச் சுற்றி நடந்தது. கல்யாணப் பந்தியில் குறை கண்டுபிடிக்க வந்த சம்பந்தி மாதிரி ஒரு பார்வை பார்த்தது. பிறகு பொரியலில் கிடந்த கறிவேப்பிலைகளை அலகால் ஒவ்வொன்றாக எடுத்து இலையின் ஓரத்தில் வரிசையாக அடுக்கியது. அடுக்கி முடித்ததும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான்.

அன்று அவள் அப்பா தணிகாசலத்தின் பதினாறாம் நாள் காரியம். காகம் சாப்பிட்ட பிறகுதான் வீட்டார் சாப்பிட வேண்டும். வீட்டார் என்று அங்கே இருந்தது அரசி ஒருத்திதான். அண்ணன் நெடுமாறன் மெல்போர்னில் இருந்தான். மிக்ஸி மேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசித் திரையில் அவன் தலையும், தலைக்கு முன்னால் ஒரு கிண்ணம் நூடுல்ஸும் தெரிந்தன. அவனும் காகத்துக்காகத்தான் காத்திருந்தான். பசி வந்தால் நெடுமாறனுக்குப் பேச்சு கூடிவிடும்.

"அப்பாவுக்கு அவரைக்காய் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றான்.

"பிடிக்கும்."

"யார் சொன்னா?"

யார் சொன்னது என்று அரசிக்கு ஞாபகம் வரவில்லை. அவள் வடையை நகர்த்தி முன்னால் வைத்தாள். காகம் வடையைக் கண்டுகொள்ளவில்லை.

"கறிவேப்பிலையை ஒதுக்குது பாரு," என்றான் நெடுமாறன். "அப்பா அப்படியேதான். சின்ன வயசுல நான் பாத்திருக்கேன்."

"ஆமா," என்றாள் அரசி. அண்ணனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போகக் கூடாது என்பதற்காகச் சொன்ன ஆமா அது.

பால்கனி மூலையில் கையில் ஒரு தொடுதிரைப் பலகையோடு நின்றிருந்தவர் மயில்வாகனம். முன்னோர் பறவைச் சேவை என்ற நிறுவனத்தின் ஆள். காகத்தைக் கூட்டி வருவதும், சாப்பிட வைப்பதும், திரும்பக் கூட்டிப் போவதும் அவர் வேலை. பெயரில் மயிலும் சட்டையில் காகமுமாக இருந்த அந்த மனிதர் மூன்றாவது முறையாகத் தொண்டையைச் செருமினார்.

"சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் மேடம் இது உங்களுக்கு. அப்புறம் வேற வீடு இருக்கு. அங்க ஒரு மாமியார்."

இங்கே கொஞ்சம் காகத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஊரில் கடைசிக் காகம் செத்துப் பல வருஷம் ஆகிறது. கண்ணாடியில் கட்டடம் கட்டினோம், முட்டிச் செத்தது. மரத்தை வெட்டினோம், கூடு வைக்க இடமில்லாமல் போயிற்று. மிச்சம் இருந்ததை ஏதோ ஒரு காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. சிட்டுக்குருவி போனபோது ஒரு நாள் மெழுகுவத்தி ஏற்றினோம். வீட்டுப் பல்லி போனதை யாரும் கவனிக்கவே இல்லை. காகம் போனபோதுதான் ஊரே பதறியது. பறவை மேல் வந்த பாசம் இல்லை, செத்தவர்களுக்கு இனி எப்படிச் சோறு போடுவது என்ற பதற்றம்.

புறா மட்டும் மிச்சமிருந்தது. மிச்சம் என்றால் கொஞ்சநஞ்சமில்லை, எல்லா பால்கனியிலும் வலை கட்ட வேண்டிய அளவுக்கு. புறா சாப்பிட்டால் முன்னோர் சாப்பிட்ட கணக்கா என்று பெரியவர்கள் கூடி மூன்று நாள் மாநாடு நடத்தினார்கள். கணக்கில்லை என்று முடிவாயிற்று. அந்த மூன்று நாளும் பந்தியில் மிஞ்சியதைப் புறாக்கள்தான் தின்றன.

பிறகுதான் இந்த நிறுவனம் வந்தது. முதலில் சும்மா ஒரு இயந்திரக் காகம் செய்தார்கள். வைத்ததையெல்லாம் தின்றது. ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் மாமனார் இவ்வளவு லேசில் சாப்பிடுகிற ஆள் இல்லை என்று புகார் மேல் புகார். அதற்கப்புறம் செத்தவரின் சாப்பாட்டுப் பழக்கத்தையே காகத்துக்குள் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

"உங்க அப்பா கையில நலப்பட்டை கட்டியிருந்தார் இல்ல மேடம், எல்லாம் அதுல இருக்கு," என்று மயில்வாகனம் காலையில் வந்ததுமே விளக்கியிருந்தார். "எதை முதல்ல எடுத்தார், எதை ஒதுக்கினார், எவ்ளோ நேரம் மென்னார், எந்தப் பக்கம் பாத்து உக்காந்தார், அத்தனையும். அதை அப்படியே காக்காவுக்குள்ள ஏத்திடுவோம். மத்தபடி ஆவி கீவி எதுவும் கிடையாது. நாங்க அறிவியல் கம்பெனி."

இப்போது அரசி அவரிடம் கேட்டாள். "அப்போ ஏன் தம்பி சாப்பிட மாட்டேங்குது?"

"அதை அவர்கிட்டதான் மேடம் கேக்கணும்," என்றார் அறிவியல் கம்பெனிக்காரர்.

அரசி கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும் போலிருந்தது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, அம்மா போனபிறகு கொட்டிவாக்கத்தில் இந்த வீட்டில் ஆறு வருஷம் தனியாக இருந்தார். புன்னைவனம் என்று கட்டடத்துக்குப் பெயர். வெட்டிய மரத்தின் பெயரைக் கட்டடத்துக்கு வைப்பது ஒரு மரியாதை. அரசி பெருங்களத்தூரில் இருந்தாள். அப்பாவிடமிருந்து தினமும் மத்தியானம் ஒரு செய்தி வரும்: "சாப்பிட்டியா?" அரசி ஒரு கட்டைவிரலை அனுப்புவாள். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அவள் திருப்பிக் கேட்டதில்லை. அதைத்தான் பட்டை பார்த்துக்கொள்கிறதே என்று நினைத்தாள்.

பட்டை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. குளிக்கப் போகும்போது அப்பா அதைக் கழற்றி வைத்திருக்கிறார். குளியலறையில் விழுந்தவரை இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தார்கள். அந்த இரண்டு மத்தியானமும் செய்தி வராததை அரசி கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம் குடியிருப்போர் சங்கம் எல்லார் திரைக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பியது. "64ஆம் எண் வீட்டிலிருந்து வந்த வாசனை தொடர்பான புகார் தீர்க்கப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி." அப்பாவின் மரணத்துக்கு இந்த ஊர் எழுதிய அஞ்சலி அவ்வளவுதான். அரசி அதை அழிக்காமல் வைத்திருந்தாள். அவ்வப்போது எடுத்துப் படித்து, படித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஆக, காகம் அவள் சமைத்ததைத் தொடவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்பாவுக்குத் தன் மேல் கோபம். ஆறு மணிக்குள் அந்தக் கோபம் தணியவில்லை என்றால் அது தணியவே போவதில்லை.

"அப்பா," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "ஒரு வாய் சாப்பிடுங்கப்பா."

காகம் எழுந்தது. காகம் இலையைத் தாண்டி, மயில்வாகனம் வலையில் திறந்து வைத்திருந்த வழியாக வெளியே போய், பக்கத்து வீட்டு பால்கனி வலையில் இருந்த ஓட்டைக்குள் நேராக நுழைந்தது.

"எங்க போறார்?" என்றான் திரையில் நெடுமாறன்.

மயில்வாகனம் பலகையைத் தட்டினார். "சாப்பிடுறார்," என்றார் ஆச்சரியத்தோடு. "பக்கத்து வீட்டுல சாப்பிடுறார் சார்."

அரசி கைப்பேசியை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பக்கத்துக் கதவில் 'பு.எண் 66, ப.எண் 64' என்று எழுதியிருந்தது. இந்தப் பக்கம் முழுக்க இரட்டை எண்கள்; புன்னைவனத்தில் எல்லாக் கதவிலும் இப்படிப் புது எண், பழைய எண் என்று இரண்டு உண்டு. போன வருஷம் சங்கத்துக்கு ஆலோசனை சொல்ல ஓர் எண்கணித ஜோசியர் வந்தார். லிப்ட் அடிக்கடி நிற்பதற்குக் கதவு எண்கள்தான் காரணம் என்று கண்டுபிடித்து, எல்லா எண்ணையும் இரண்டு தள்ளிப் போட வைத்தார். லிப்ட் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

கதவைத் திறந்தவருக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். வலது கையில் ரசம் சாதம் ஒட்டியிருந்தது.

"மன்னிச்சுக்கணும் சார்," என்றாள் அரசி. "எங்க அப்பா உங்க பால்கனியில இருக்கார்."

அவர் சிரிக்கவில்லை. "வாங்கம்மா," என்றார். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. மெதுவா வாங்க, பயந்துடும்."

பால்கனியில் ஒரு சின்ன மேசை, இரண்டு நாற்காலி. மேசை மேல் அவர் பாதி சாப்பிட்டு வைத்த எவர்சில்வர் தட்டு. காகம் அந்தத் தட்டில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கறிவேப்பிலைகள் தட்டின் விளிம்பில் வரிசையாக இருந்தன. அப்பளத்தை ஒரு கொத்துக் கொத்தி உடைத்து, உடைந்த துண்டை ரசத்தில் முக்கி, அது ஊறும்வரை பொறுமையாக நின்று, பிறகு எடுத்து விழுங்கியது. பெரியவர் கையைக் கழுவவும் இல்லை, உட்காரவும் இல்லை. கண்ணைச் சிமிட்டினால் பறந்துவிடும் என்பது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மயில்வாகனமும் பலகையோடு பின்னால் வந்து சேர்ந்தார். "வேற வீட்டுக்குள்ள போகக் கூடாது சார், விதிமுறை. நீங்க சொன்னா உடனே கூப்பிட்டுடுறேன்," என்று விரலைப் பலகை மேல் வைத்தார்.

"சார், உங்களுக்கு எங்க அப்பாவைத் தெரியுமா?" என்றாள் அரசி. "பக்கத்து வீடு. தணிகாசலம்னு பேரு."

பெரியவர் காகத்தைப் பார்த்தார். மயில்வாகனத்தின் விரலைப் பார்த்தார். பிறகு அரசியின் முகத்தைப் பார்த்தார்.

"தெரியுமே," என்றார்.

"இங்க சாப்பிட வருவாரா?"

"தினமும்," என்றார். சொன்ன பிறகு கொஞ்சம் தைரியம் வந்தவர் போல மேலே சொன்னார். "இதே மாதிரிதான் சாப்பாடு. அப்பளத்தை ரசத்துல ஊறவிட்டுத்தான். மொறுமொறுன்னு சாப்பிடுங்களேன்னா கேக்கறதில்லை. என் தட்டுலயே எடுத்துச் சாப்பிடறது ஒரு பழக்கம்."

அரசி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பதினாறு நாளாக வராத அழுகை. அப்பா தனியாக இல்லை. ஆறு வருஷமும் அப்பா ஒருவர் தட்டில் உரிமையோடு கை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது.

"தினமும் வர்றவர் ரெண்டு நாள் வரலைன்னா, ஒரு தடவை கதவைத் தட்டிப் பாக்கக் கூடாதா சார்?"

பெரியவர் ஏதோ சொல்ல வந்தார். பொய் சொன்னவர்கள் மாட்டிக்கொண்டால் முழிப்பார்கள், இவர் முழிக்கவில்லை.

"தட்டியிருக்கணும்மா," என்றார். "தப்புதான். தட்டியிருக்கணும்."

அரசியின் கைப்பேசியிலிருந்து நெடுமாறனின் குரல் வந்தது. "எச்சில் தட்டுல சாப்பிட்டா கணக்குல வருமா? அதைக் கேளு."

"காகம் சாப்பிட்டா சாப்பிட்டதுதான் சார்," என்றார் மயில்வாகனம். அடுத்த நொடி மெல்போர்னில் நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பெரியவர் பெயர் கோதண்டபாணி. நாற்பது வருஷம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். திரும்புவதற்கு முன்னால் பக்கத்துக் கண்ணாடியைப் பாருங்கள் என்று ஆயிரக்கணக்கான பேருக்குச் சொன்னவர். மனைவி அமிர்தவல்லி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. இதெல்லாம் அரசிக்கு அடுத்தடுத்த நாள்களில் தெரிந்தது. அப்பாவின் வீட்டைக் காலி செய்ய அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு தினமும் வந்தாள். மத்தியானம் ஆனால் கோதண்டபாணி கதவைத் தட்டுவார். இப்போது அவர் தவறாமல் தட்டினார்.

"சாப்பிட வாம்மா. ஆறிடும்."

சாப்பிடும்போது அரசி அப்பாவைப் பற்றிக் கேட்பாள். கோதண்டபாணி முதலில் தயங்குவார். பிறகு வண்டி கிளம்பிவிடும்.

"உப்பு கம்மியா இருந்தா வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு. தட்டை லேசா இப்படித் தள்ளி வைப்பாரு. நானா கண்டுபிடிச்சு உப்பு எடுத்துட்டு வரணும்."

"வீட்டுல எங்ககிட்ட அப்படி இருந்ததே இல்ல சார்."

"வெளியில வேற மாதிரி இருப்பாங்கம்மா எல்லாரும். சாப்பிட்டு முடிச்சா இந்த நாற்காலிதான். உக்காந்து பூக் கட்டுவாரு."

அரசி கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தாள். "அப்பாவா? பூவா?"

கோதண்டபாணி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். "வயசான காலத்துல கத்துக்கிட்டாரு," என்றார். "பூ எங்க கிடைக்குது இப்போ? மல்லியைப் பார்த்தே எத்தனை வருஷம். காகிதத்தை மொட்டு மாதிரி நறுக்கி வெச்சுக்கிட்டு, நூல் எடுத்துக் கட்டுவாரு. கை அவ்ளோ வேகமா ஓடும்."

எழுந்து போய் அலமாரியிலிருந்து காகித மல்லிச் சரம் ஒன்றை எடுத்து வந்து காட்டினார். முழம் போட்டால் நான்கு ஐந்து வரும். அரசி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மின்கம்பத்தில் ஏறி இறங்கிய அப்பாவின் காய்த்துப்போன விரல்கள் இதைக் கட்டினவா என்று தடவித் தடவிப் பார்த்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் நெடுமாறனுக்கும் சொன்னாள்.

"ஆமாமா," என்றான் நெடுமாறன். "அப்பாவுக்கு அதுல எல்லாம் ஒரு இது உண்டு."

மயில்வாகனம் மறுபடியும் வந்தது, வீடு அநேகமாகக் காலியாகிவிட்ட ஒரு நாளில். கையில் ஸ்வீட் டப்பா இருந்தது. ஒரு நிறுவனம் ஸ்வீட்டோடு வந்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

"ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சு மேடம்."

"சொல்லுங்க தம்பி."

"உங்க வீட்டுக் கதவுல புது எண் அறுபத்தி நாலு. நாங்க அறுபத்தி நாலுன்னு தேடினோம். எங்ககிட்ட பழைய அறுபத்தி நாலு ஒண்ணு இருந்திருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காரியத்துக்காக ஏத்தினது. அதையே மறுபடி ஏத்தி அனுப்பிட்டாங்க."

அரசிக்கு உடனே புரியவில்லை. மயில்வாகனம் கதவுக்கு வெளியே, பக்கத்து வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அன்னைக்கு வந்தது உங்க அப்பா இல்ல மேடம். அமிர்தவல்லி அம்மா. அவங்க வீட்டுக்கு அவங்க போயிருக்காங்க. பால்கனி வலையில ஓட்டை இருந்துச்சே, அதுகூட அப்போ நாங்க வெட்டினதுதான். பெரியவர் தைக்காமலே வெச்சிருக்கார்."

மயில்வாகனம் ஸ்வீட் டப்பாவை நீட்டினார்.

"உங்க அப்பாவோடது பத்திரமா இருக்கு மேடம். இலவசமா இன்னொரு தடவை கூட்டிட்டு வர்றோம். மேல புகார் மட்டும் வேண்டாம்."

அவர் போன பிறகு அரசி அந்தக் காலி வீட்டின் நடுவில் நின்றாள். கறிவேப்பிலையை ஒதுக்கியது அப்பா இல்லை. அப்பளத்தை ஊறவிட்டது அப்பா இல்லை. பூக் கட்டியது அப்பா இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்மணி எதிரில் நடந்து வந்து உட்கார்ந்திருக்கிறாள், அவளை அரசி அப்பா என்று கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கிறாள். அண்ணனும் தங்கையும் போட்டி போட்டுக்கொண்டு அப்பா இப்படித்தான் என்று சாட்சி சொல்லியிருக்கிறார்கள். சரி, அப்பா எப்படித்தான் சாப்பிடுவார்? எவ்வளவு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. அம்மா பரிமாறிய நாள்களில் அவள் தட்டைப் பார்த்ததில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா யார் தட்டிலும் கை வைத்துச் சாப்பிடவில்லை. ஆறு வருஷமும் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அதை நினைத்தபோது அவள் இரண்டாவது முறை அப்பாவை இழந்தாள். அழுகை அடங்கியதும் கோபம் மூண்டது. அந்த மனிதர் எப்படி வாய் கூசாமல் பொய் சொன்னார், கேட்டே தீர வேண்டும் என்று போனாள்.

கதவு திறந்தே இருந்தது. இலை போட்டாயிற்று.

"உக்காரும்மா. மோர்மிளகாய் வறுத்திருக்கேன். உங்க அப்பாவுக்குப் பிடிக்கும்."

அரசி உட்கார்ந்தாள். மோர்மிளகாய் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"பூக் கட்டும்போது அப்பா என்ன சார் பேசுவார்?" என்று மட்டும் கேட்டாள்.

கோதண்டபாணி சாதத்தைப் பிசைந்தபடி யோசித்தார். "பேச்சு பெருசா இருக்காது. முணுமுணுன்னு ஏதாவது பாட்டு. நடுவுல நிறுத்தி, தூங்கிட்டீங்களான்னு கேக்கும். இல்லம்பேன். மறுபடி பாட ஆரம்பிக்கும். அவ்ளோதான்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "செத்த அன்னைக்கு ஒருத்தர் வரலம்மா. வண்டி வந்துச்சு, தூக்கிட்டுப் போயிட்டான். நான் வந்து கதவைச் சாத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷர் இருந்திருக்காரு. அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

அப்பாவைப் பற்றிப் பேசுவதாகத் தொடங்கியது எங்கே தடம் மாறியது என்பதை அவர் கவனிக்கவில்லை. அரசி கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காகமாக வந்த மனைவியை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கிழவர் சொன்ன பொய் அது. அதில் அவளுடைய அப்பாவுக்கும் ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு எழுந்தாள்.

மறுநாள் மயில்வாகனத்தைக் கூப்பிட்டாள்.

"தம்பி, வர்ற அமாவாசைக்குக் காக்கா வேணும். ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டு."

"எந்த ரெண்டு பேர் மேடம்?"

"எங்க அப்பா. அமிர்தவல்லி அம்மா."

"அப்படியெல்லாம் பண்ணினதில்ல மேடம். காக்கா குழம்பிடும்."

"குழம்பட்டும்."

"ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன உறவுன்னு போடட்டும்?"

"பக்கத்து வீடு."

"அப்படி ஒரு உறவே எங்க பட்டியல்ல இல்லையே மேடம்."

"சேத்துக்கங்க. இல்லைன்னா நான் மேல புகார் குடுக்கிறேன்."

அமாவாசையன்று கோதண்டபாணியின் பால்கனியில் இலை போட்டார்கள். சமையலில் பாதி அரசி, பாதி அவர். நெடுமாறன் வேலையில் இருந்ததால் திரைக்கும் அன்று விடுமுறை. காகம் வலை ஓட்டை வழியாக வந்து இறங்கியது. இலைக்கு வலப்பக்கம் இரண்டு எட்டு வைத்தது, பிறகு இடப்பக்கம் இரண்டு எட்டு வைத்தது. வாசலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து, நீங்க போங்க, நீங்க போங்க என்று நிற்பது போல நடுவில் நின்றது. மயில்வாகனம் நகத்தைக் கடித்தார்.

பிறகு அது குனிந்து பொரியலிலிருந்து ஒரு கறிவேப்பிலையை எடுத்து ஓரத்தில் வைத்தது. அடுத்ததை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தது. ஒன்றுகூட மிச்சமில்லாமல் பொறுக்கி வரிசையாக அடுக்கியது. கோதண்டபாணியின் முகம் மலர்ந்தது. "உங்க அப்பா வந்துட்டாரும்மா," என்றார், பொய்யை விடாமல்.

காகம் அப்பளத்தை ரசத்தில் ஊறப்போட்டது. அது ஊறுவதற்காகக் காத்திருந்தபோது, ஏதோ மறந்தவர் போலத் திரும்பி இலையின் ஓரத்துக்கு வந்தது. அடுக்கி வைத்த வரிசையின் முதல் கறிவேப்பிலையைக் கொத்தி விழுங்கியது. அடுத்ததையும் விழுங்கியது. ஒன்றைக்கூட விடவில்லை. கடைசி இலையை விழுங்கிவிட்டு, ஓரத்தில் வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா என்று தேடிப் பார்த்தது.

"அவ தொடவே மாட்டாளே," என்றார் கோதண்டபாணி.

சொன்னதை அவரே கேட்டார். கையை வாயில் வைத்துக்கொண்டார்.

அரசி காகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கோத்து, காகம் கலங்கித் தெரிந்தது.

"பெரியப்பா, அது எங்க அப்பா," என்றாள். "அவர் கறிவேப்பிலையைச் சாப்பிடுவார் போலிருக்கு."

பெரியவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "ரெண்டு பேரையும் ஒண்ணாவா வெச்சிருக்கு?"

"ஒண்ணாத்தான்."

"முன்னப்பின்ன பழக்கமில்லையேம்மா. கூச்சப்படுவாளே."

"பழகிடுவாங்க."

காகம் ஊறின அப்பளத்தைத் தின்றுவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்தது. எதில் உட்காருவது என்று அதற்குத் தெரியவில்லை. கடைசியில் எதிலும் உட்காராமல் பறந்து போயிற்று. மயில்வாகனம் பலகையைத் துணியில் துடைத்தபடி கிளம்பப் பார்த்தார்.

"எங்க தம்பி கிளம்பிட்ட?" என்றார் கோதண்டபாணி. "காக்கா சாப்பிட்டாச்சு. நாம சாப்பிட வேணாமா? உக்காரு."

மூன்று இலை போட்டார்கள். அரசி தன் இலையில் பொரியலில் கிடந்த கறிவேப்பிலையை வழக்கம்போல எடுத்து ஓரத்தில் வைத்தாள். வைத்தபிறகு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு எடுத்து வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தாள்.